ஒரு வருஷம் தவறிப் பிறந்தவர்கள்

மனிதர்களில் இரண்டு இனம் உண்டு. சரியான வருஷத்தில் பிறந்தவர்கள் ஓர் இனம். ஒரு வருஷம் தவறிப் பிறந்தவர்கள் மற்றோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படித்தார்கள், தேறினார்கள், வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது இனத்தாரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள், குறைந்தபட்சம் ஒரு கல்யாணப் பந்தியிலாவது. அவர்கள் குடும்பத்தில் யாரும் எந்தக் காலத்திலும் பரீட்சையில் தோற்றது கிடையாது. அவர்கள் பேனாவில் மை ஊற்றும் நேரம் பார்த்து சர்க்கார் படிப்புத் திட்டத்தை மாற்றிவிடும். அவ்வளவுதான்.

இந்த இனம் எல்லா ஊரிலும் இருந்தாலும் டெல்லியில் கொழுத்து வளர்கிறது. காரணம் எளிது. மற்ற ஊர்களில் திட்டம் மாறியது மாறிய பிறகுதான் தெரியும். டெல்லியில், மாற்றத்தை டைப் அடித்தவரே உங்கள் எதிர்வீட்டில் குடியிருப்பார்.

லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த மாணிக்கவாசகம் இந்த இனத்தின் சிகரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஏதோ ஒரு மந்திரி இலாகாவில் அப்பர் டிவிஷன் கிளார்க். புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாமெல்லாம் என்ன கேட்போம்? பேர், ஊர், எந்த ஆபீஸ் என்போம். மாணிக்கவாசகம் கேட்பது ஒன்றுதான்: “நீங்க பள்ளிக்கூடம் முடிச்சது எந்த வருஷம்?” நீங்கள் வருஷத்தைச் சொன்னதும் கண்ணை மூடுவார், விரலை மடக்குவார், பிறகு டாக்டர் எக்ஸ்ரே பார்த்தது போலத் தீர்ப்புச் சொல்வார். நீங்கள் நன்றாகத் தேறியவர் என்றால், “அந்த வருஷம் திருத்துனதே லேசு” என்பார். தோற்றவர் என்றால் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

அவர் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் புடவை கிடையாது, பாத்திரம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து படிப்பு சம்பந்தமாக வந்த உத்தரவு நகல்கள், பத்திரிகைத் துண்டுகள், கமிஷன் அறிக்கையின் சுருக்கங்கள், சைக்ளோஸ்டைல் செய்து எழுத்து மங்கிப்போன சுற்றறிக்கைகள் எல்லாம் சிவப்பு நாடா போட்டுக் கட்டிக் கட்டாக இருக்கும். குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குவார்ட்டர்ஸ் புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டு வேர்க்கடலை உரிக்கும்போது, அவர் ஒரு கட்டோடு இறங்கி வருவார். வந்தால் குடும்ப சரித்திரம்தான்.

முதலில் தகப்பனார் சிவஞானம் பிள்ளை. வெள்ளைக்காரன் வைத்திருந்த மெட்ரிகுலேஷனை மூன்று தடவை எழுதியவர். மூன்று தடவையும் இங்கிலீஷ் அவரைக் கைவிட்டது. நான்காம் தடவைக்கு நெட்டுருப் போட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் தயாராக நின்றபோது, துரை மெட்ரிகுலேஷனையே எடுத்துவிட்டு எஸ்.எஸ்.எல்.சி.யைக் கொண்டுவந்தான். “அந்தத் தடவை அப்பா நிச்சயம் தேறியிருப்பாரு. இவ்வளவு படிச்சிருக்காருன்னு லண்டன்ல எவனுக்கோ தெரிஞ்சுபோச்சு,” என்பார் மாணிக்கவாசகம். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்காது.

அடுத்து அவரே. அவர் ஹைஸ்கூல் போன சமயம், இங்கிலீஷில் நடந்த கணக்கைத் தமிழில் நடத்தலாம் என்று சர்க்கார் உத்தரவு போட்டதாம். வாத்தியார் இங்கிலீஷில் படித்தவர், புத்தகம் தமிழில் வந்தது, நடுவில் அகப்பட்ட மாணிக்கவாசகம் கணக்கில் பதினேழு மார்க் வாங்கினார். வெள்ளைக்காரன் போனான், அவன் விட்டுப்போன இன்டர்மீடியட்டில் தம்பி தர்மன் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்டர்மீடியட்டே எழுந்து போய்விட்டது.

சிரிக்காதீர்கள். இந்த மனிதரால் எங்கள் காலனிக்கு எவ்வளவு உபகாரம் என்பது ஜூன் மாதத்தில்தான் தெரியும். பத்திரிகையில் தன் பிள்ளையின் நம்பரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன தகப்பன்மார் ஒவ்வொருவராக மாடி ஏறுவார்கள். மாணிக்கவாசகம் பெட்டியை இழுத்து, கட்டை அவிழ்த்து, பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டி, உங்கள் பிள்ளை ஃபெயில் ஆகவில்லை, இந்தச் சுற்றறிக்கையின் நான்காம் பாராவில் இடறி விழுந்தான் என்று விளக்குவார். ஏறும்போது தொங்கிய தலை இறங்கும்போது நிமிர்ந்திருக்கும். இதை எந்த இலாகா செய்யும்?

இப்படிப்பட்ட வீட்டில்தான் செல்வி பிறந்தாள். ஒரே பெண். நல்ல வருஷம் பார்த்தா பிறப்பார்கள்? அவள் ஒன்பதாவது முடித்த எழுபத்தைந்தாம் வருஷம், மாணிக்கவாசகம் ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ராணுவ ரகசியம் போலக் காதோடு சொன்னார். பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிகிற ஹையர் செகண்டரி போகிறது. பத்தும் இரண்டும் பன்னிரண்டு என்று புதுத் திட்டம். இனி ஒன்பதாவதில் சேருகிறவர்கள்தான் அதில் முதல் கோஷ்டி. செல்வி பழைய திட்டத்தின் கடைசி கோஷ்டி.

“கடைசி வண்டி சார். தவறினா அடுத்த வண்டி கிடையாது. எங்க அப்பா நின்ன அதே பிளாட்பாரம்,” என்றார்.  அந்தப் பயம் நிஜம்.

மூன்றாம் தலைமுறையில் சர்க்காரை முந்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். சாட்சிக்கு என்னையும் இழுத்துப் போனார். தலைமையாசிரியை ராஜலக்ஷ்மி அம்மாள் தஞ்சாவூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர்.

“பொண்ணை ஒன்பதாவதுலயே இன்னொரு வருஷம் நிறுத்தணும், மேடம்.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாருக்கு. வருஷம்தான் சரியில்ல.”

அந்த அம்மாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். “கிளாஸ்ல முதல் ரேங்க் சார் அவ. எதுல ஃபெயில் போடறது? நீங்களே சொல்லுங்கோ.”

மாணிக்கவாசகம் உண்மையாகவே யோசித்தார். “கணக்குல போடுங்க. எங்க குடும்ப வழக்கம் அதான்.”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய இந்தியப் படத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் பதிவேட்டை மூடிவிட்டு, பெண்ணே தன் கையால் எழுதிக் கொடுத்தால் நிறுத்துகிறேன் என்றார்.

பெண்ணா எழுதுவாள்? டெல்லியில் பிறந்தவள். அப்பாவின் பெட்டியில் இருந்த தமிழ்க் காகிதங்களை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கணக்கை மட்டும் மின்னலாகப் போடுவாள்.

“ஒன்பதாவது மறுபடி ஒரு வருஷம். அப்புறம் பன்னிரண்டாவதுன்னு இன்னொரு வருஷம். ரெண்டு வருஷம் போகும்பா. என்கூடப் படிக்கறவங்க எல்லாம் காலேஜ்ல ரெண்டாம் வருஷம் போயிருப்பாங்க. நான் இங்க யூனிஃபார்ம் போட்டுட்டு நிக்கணுமா?”

“ஏட்டி, உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். நம்ம குடும்பத்துக்கு ராசி அப்படி.”

“அச்சா. ஃபெயில் ஆனா நானே ஆயிக்கறேன். நீங்க ஏற்பாடு பண்ண வேண்டாம்.”

மனைவி வள்ளியம்மை அடுக்களையிலிருந்தே வழக்கை முடித்தாள். “அவ போட்டும், விடுங்க. தோத்தாள்னா உங்க பெட்டிதான் இருக்கே.”

செல்வி பத்தாவதுக்குப் போனாள். அடுத்த இரண்டு வருஷம் அந்தப் பெண் பட்ட பாட்டை நான் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கடைசி கோஷ்டி, தலை வாரினால் கடைசி கோஷ்டி. புத்தகத்தோடு புல்வெளிக்கு ஓடி வந்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் தோற்றால் ஒரு வருஷம் போகும்; தான் தோற்றால் அந்தப் பெட்டிக்குள் இன்னொரு கட்டாகப் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவளை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது.

எழுபத்தேழு ஜூனில் ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. பள்ளிக்கூடம் போய் மார்க் ஷீட் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, புல்வெளியில் மாணிக்கவாசகம் லட்டுப் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில் ஒன்றை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினார், விரலை மடக்கினார்.

“கடைசி கோஷ்டி பாத்தீங்களா. மிச்சம் வச்சா அடுத்த வருஷம் பரீட்சை வைக்கணுமே. எல்லாரையும் பாஸ் போட்டுத் தள்ளி விட்டுட்டான்.”

செல்வி நின்றுவிட்டாள். அவர் சொன்னதை நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் வேறு என்ன சொல்ல முடியும்? மகள் படித்துத் தேறினாள் என்று ஒப்புக்கொண்டால், தன் தகப்பனார் படிக்காமல் தோற்றார் என்றல்லவா ஆகும்?

“அப்பா, கணக்குல எண்பத்தொன்பது,” என்றாள். குரல் உயரவில்லை. “முப்பத்தி மூணு போட்டாலே தள்ளி விடலாம். மீதி அம்பத்தாறும் யாரு போட்டா? சர்க்காரா?”

 மாணிக்கவாசகம் மார்க் ஷீட்டை வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கம் திருப்பி, ஏதாவது பாரா அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. லட்டுப் பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இவ படிச்சா சார். படிச்சுத்தான் பாஸ் பண்ணியிருக்கா.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அறுபத்தேழு வருஷம் இழுத்தடித்த பிறகு, அன்றைக்குத்தான் சிவஞானம் பிள்ளை மெட்ரிகுலேஷனில் ஃபெயில் ஆனார். மகன் மாணிக்கவாசகத்துக்குக் கண் கலங்கியது. செல்வி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு அழைத்துப் போனாள்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. செல்வி இப்போது ஒரு காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதிய கல்விக் கொள்கை என்று பேப்பரில் தினம் போடுகிறானே, அதைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வெட்டி வைக்கிறேன். என் மகன் சேஷு இந்த வருஷம் பத்தாவது. பையன் புத்திசாலிதான். காலாண்டுப் பரீட்சையில் கணக்குக்கு இருபத்திரண்டு வாங்கியிருக்கிறான் என்றால், கொள்கை குழப்பமாக இருக்கிற நேரத்தில் வாத்தியார்கள் மனம் ஊன்றி எப்படி நடத்துவார்கள்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும், “அது சரி, எங்கள் வீட்டு விஷயம் வேறு, அந்த வருஷம் நிஜமாகவே...” என்று ஒரு வாக்கியம் உங்கள் வாய்க்குள் புறப்பட்டால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் பெண் வாசலில் மார்க் ஷீட்டோடு நின்றுகொண்டிருக்கலாம்.