எழுபத்தொரு சதவீதத்தில் நின்ற திருத்தம்

எல்ம் கூலி, விஸ்கான்சின்
19 ஜூலை 1991, வெள்ளி, பகல் 12.10

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மைத்துனர் லோவெல் அவர்களுக்கு,

ஆல்வின் ராடமேக்கர் எழுதுவது. நானும் உங்கள் அக்கா வெர்னாவும் சுகம். சோளம் தோள் வரைக்கும் வந்துவிட்டது. மேடிசனில் உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் கணினியும், தொலைபேசி வழியாக அதில் நுழைந்து தகவல் பலகை படித்துப் போகும் முந்நூறு பேரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஊரின் நூற்றாண்டுப் புத்தகக் கோப்பு இன்று காலை 10.03க்கு உங்கள் பலகைக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. திங்கள் முதல் வியாழன் வரை அது ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது, அதுவும் கீழே வரும். வாரப் பத்திரிகையில் நாற்பத்தோரு வருடம் செய்தி எழுதியவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லாவிட்டால் எனக்கே தலைசுற்றும்.

திங்கள் காலை சரியாகப் பத்து மணிக்கு, நீங்கள் அனுப்பிவைத்த அதிவேக மோடத்தை இயக்கினேன். கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது, பிறகு உங்கள் பலகை திறந்தது. புத்தகம் முழுவதும் போய்ச்சேரப் பத்து நிமிடம் என்று திரை காட்டியது. பத்து, இருபது, ஐம்பது சதவீதம் என்று ஏறி, எழுபத்தொன்றில் நின்றுவிட்டது. மணி 10.07. உடனே உங்களைக் கூப்பிட்டேன். "அத்தான், பேசிட்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு வந்தா டிக்குனு சத்தம் வரும்ல, அந்த வசதியை நிறுத்திடுங்க" என்றீர்கள். எங்கள் இணைப்பில் அந்த வசதியே இல்லை. எங்கள் இணைப்பில் இருப்பது எமில் ஹாகன் மட்டும்தான். இந்தச் சாலையில் இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. நாங்கள் எடுத்தாலும் அடுத்த பண்ணையில் எமில் எடுத்தாலும் ஒரே கம்பி. இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை. "அந்த வசதி இல்லை" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் மேலே கேட்கவில்லை. ஒரு நிருபருக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை, கணினியும் மோடமும் ஒன்றையொன்று "கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சரிசெய்யச் சொன்னீர்கள். செய்தேன். எழுபத்தொன்று, 10.07. பிறகு, "பொறு" என்று சொல்வதற்கான கம்பியே அந்த மலிவு கேபிளுக்குள் இருக்காது என்றீர்கள். வெர்னாவின் தையல் கத்தரிக்கோலால் கேபிளின் தலையைப் பிளந்து பார்த்தேன். ஒன்பது ஊசிகளில் மூன்றுக்குத்தான் கம்பி இருந்தது. நீங்கள் சொன்னது சரி என்ற சந்தோஷத்தில் லா க்ராஸுக்கு ஓட்டிப்போய்ப் புதிய கேபிள் வாங்கிவந்து புதன்கிழமை மாட்டினேன். எழுபத்தொன்று, 10.07. அன்று மதியம், என் கணினியில் இருப்பது ஒரே ஒரு எழுத்தை மட்டும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய சில்லு, பதினாறு எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் புதிய சில்லு வேண்டும் என்றீர்கள். அதையும் மாட்டினேன். மாட்டியதில் ஒரு திருகு மிச்சம். அது எங்கே போகவேண்டியது என்று இன்றுவரை தெரியவில்லை. "என்னங்க, மூணு நாளும் பத்து ஏழுக்குத்தான் நிக்குதுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. பத்து ஏழுக்கு இந்த ஊர்ல என்னதான் நடக்குது?" என்று வெர்னா கேட்டாள். "ஒண்ணும் நடக்காது. பால் லாரி பத்து அஞ்சுக்கே போயிடும்" என்று சொல்லிவிட்டுத் திருகைத் தேடப் போனேன்.

இப்போது, தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம். அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி எங்கள் பத்திரிகையின் பழைய செய்திகள், அச்சான வடிவிலேயே. அதில் 1958இல் நான் எழுதிய வெண்ணெய் ஆலைத் தீவிபத்துச் செய்தியும் இருக்கிறது. ஆலை எரிந்ததற்கு எமில் ஹாகன் அணைக்காமல் வைத்த புகையிலைக் குழாய்தான் காரணம் என்று எழுதியிருந்தேன். அன்று முதல் ஊருக்கு அவர் ஒரு கேலிப்பொருள். தேவாலய விருந்தில் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றும்போது, "எமில் வர்றார், தீப்பெட்டிய ஒளிச்சு வைங்கடா" என்பார்கள். அவரும் சிரிப்பார். முப்பத்துமூன்று வருடமாகச் சிரிக்கிறார். இந்தப் புத்தகத்துக்காகக் கவுன்டி அலுவலகத்தில் பழைய பெட்டிகளைக் கிளறியபோது, தீயணைப்பு அதிகாரியின் அறிக்கை கிடைத்தது. காரணம் கொதிகலனின் புகைபோக்கி. எமில் அந்த நேரத்தில் ஆலையிலேயே இல்லை. எனக்குச் செய்தி சொன்னவர் ஒரே ஒருவர். எமிலிடம் நான் கேட்கவில்லை.

அச்சானதைத் தொடக்கூடாது, திருத்தம் தனியாக, கையெழுத்தோடு வரவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அதனால் கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கத் திருத்தம் எழுதி வைத்தேன். அது இல்லாமல் புத்தகம் வந்தால் அந்தப் பொய்யை இரண்டாம் முறை அச்சடித்தவன் ஆவேன். நீங்கள் வரும் திங்கள் காலை அச்சகத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். எமிலுக்கு எண்பத்துநான்கு வயது. நூற்றாண்டு விழா மேடையில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து அவரையே படிக்கவைக்க வேண்டும் என்று ஆசை. இதை நான் தொலைபேசியில் உங்களிடம் சொன்னால் அவர் காதிலும் விழும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வியாழன் காலை நீங்கள் வேறோர் அனுப்பும் முறையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். "இது கெட்டிக்கார முறை அத்தான். நடுவுல அறுந்தாலும் கவலையில்ல. அடுத்த தடவை விட்ட இடத்துலேருந்து தானே தொடரும்" என்றீர்கள். அதில் போட்டேன். எழுபத்தொன்று, 10.07. மேஜையில் தலையை வைத்துப் படுத்திருந்தபோது சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. எமில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், இன்னொரு காலில் வீட்டுச் செருப்பு, கையில் சிவப்புத் தீயணைப்பான்.

"எங்கடா தீ?"

"தீயா? எந்தத் தீ, எமிலண்ணே?"

"திங்கக்கிழமைலேர்ந்து பாக்குறேன். பால் லாரி போனதும் தங்கச்சிகிட்ட பேச போனை எடுத்தா உங்க வீட்டுப் புகை மணி கத்துற சத்தம். முதல் நாள் கெட்டில்னு நினைச்சேன். ரெண்டாம் நாள் வெர்னா பாடுறான்னு நினைச்சேன். இன்னிக்கும் கத்துச்சு, சரி, இந்த மடையனைக் காப்பாத்துவோம்னு ஓடியாந்தேன்."

"அது மோடம்ணே. புத்தகத்தை மேடிசனுக்கு அனுப்பிட்டிருந்தேன். நீங்க போனை எடுத்ததும் அறுந்துடுச்சு."

"போன்லயா? புத்தகத்தையா?" தீயணைப்பானைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "அதுல அந்தத் தீ இருக்கா?"

"இருக்குண்ணே."

"ம்" என்றார். தீயணைப்பானைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாளைக்குப் பத்தரை வரை போனைத் தொடமாட்டேன் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.

"திருத்தம் எழுதியிருக்குன்னு சொல்லியிருக்கலாமேங்க" என்றாள் வெர்னா. அச்சாகாததைச் சொல்லக்கூடாது என்றேன். "அச்சாகாம சொன்னதாலயா அவர் கெட்டார்?" என்றாள்.

அன்று பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி அறுந்து கடைசிப் பக்கம் வராமல் போனால்? எனவே திருத்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்து முதல் பக்கத்தின் தலையில் வைத்தேன். இனி எங்கே அறுந்தாலும் எமில் தப்பித்துவிடுவார். இன்று காலை வெர்னா ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தோடு எமில் வீட்டுக்குப் போய், போன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அனுப்பினேன். நீங்கள் சொன்னபடியே எழுபத்தொன்றிலிருந்து தொடங்கி, 10.03க்கு முடிந்தது. "பிழை ஏதுமில்லை" என்றது திரை. பத்து ஏழு வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டதால் காவல் வீண், பலகாரம் மட்டும் காலி.

ஆகவே மாப்பிள்ளை, முதல் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, விழா வரை யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். உங்கள் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகாமல், உங்கள் பலகைக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டாமல், எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். வெர்னா தன் அன்பையும், உங்கள் தட்டு இன்னும் இங்கேயே இருக்கிறது என்ற தகவலையும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
ஆல்வின் ராடமேக்கர்

பி.கு. மணி 2.40. மேலே எழுதியதில் வெற்றி என்ற தொனி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டுமுன் வெர்னா, "போய்ச் சேர்ந்ததைக் கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டதால்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை என்றீர்கள். முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன், திருத்தம் இல்லை. கடைசிப் பக்கத்திலும் இல்லை. நடுவில் 1947 பந்துருட்டுப் போட்டிச் செய்தியில் அரைப்பக்கம் மட்டும் இரண்டு முறை இருந்தது. "அத்தான், நடுவுல ஃபைலை மாத்தினீங்களா?" என்று கேட்டீர்கள். மாற்றவில்லை, ஒரு பத்தியை எடுத்து முன்னால் வைத்தேன், அவ்வளவுதான் என்றேன். பிறகு, முதல் எழுபத்தொரு சதவீதம் வியாழன் கோப்பு, மிச்சம் வெள்ளிக் கோப்பு என்று விளக்கினீர்கள். முன்பாதி பழையது, அதன் தலையில் திருத்தம் இல்லை. பின்பாதி புதியது, அதன் வாலில் திருத்தம் இல்லை. அந்தக் கெட்டிக்கார முறை எமிலை இரண்டு பக்கத்திலிருந்தும் துல்லியமாக வெளியே தள்ளிவிட்டது.

பதற்றத்தில் எந்தக் கம்பியில் பேசுகிறேன் என்பதை மறந்து, திருத்தத்தை அப்போதே உங்களுக்குப் படித்தேன். நீங்கள் பென்சிலால் எழுதிக்கொண்டு வைத்துவிட்டீர்கள். ஆனால் கம்பி செத்துப்போகவில்லை. யாரோ மூச்சுவிட்டார்கள்.

"ஆல்வின்."

"அண்ணே."

"கடைசி வரிய மறுபடி படி. நடுவுல லாரி போச்சு."

"யாரையும் விசாரிக்காமல் எழுதினேன். பிழை என்னுடையது" என்று படித்தேன். முழுவதையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு முறை, மெதுவாக, என்றார். புகைபோக்கி வந்த இடத்தில், "ம், அதான்" என்றார். மூன்றாம் முறையும் முடித்தேன்.

"போதும். முழுசா வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ரகசியம் காக்கச் சொன்னது இனி தேவையில்லை. திருத்தத்தைக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சகத்துக்கு இந்தக் காகிதத்தையே கொடுங்கள். அவர் போனை வைத்தபோது மணி என்ன என்று பார்க்க மறந்துவிட்டேன்.