ரேடியோவுக்கு நான் வெச்ச கறுப்பு ரப்பர்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மொரப்பூர் போய் ரேடியோவுக்கு நாலு பேட்டரிக்கட்டை வாங்கிட்டு வரணும்.

காரணம், எம்பொண்ணு ரோசி. ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வந்த ரேடியோக்காரங்க அவ பாட்டைப் பதிவு பண்ணிட்டுப் போயிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் ஒலிபரப்பு!

தெருவுக்கே சொல்லிட்டேன். காப்பி உண்டுன்னும் சொல்லித் தொலைச்சுட்டேன்.

வெள்ளிக்கிழமை கட்டையைப் போட்டேன். ரேடியோ நல்லாத்தான் பாடுச்சு. ஆனா தூக்கினா உள்ள லொடலொடன்னு ஆட்டம்.

மத்தவங்கன்னா அட்டையை மடிச்சுச் சொருகுவாங்க. நமக்குத்தான் மூளை அதிகமாச்சே!

ஓசூர்ல கால்குலேட்டர் கம்பெனியில இருக்கிற என் கொழுந்தன் சூசை, ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டை வூட்டுல போட்டுட்டுப் போயிருந்தாரு. அதை நீளமா வெட்டி, கட்டைங்களுக்கு அடியில இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் இறுக்கிச் சொருகினேன்.

"ஏம்மே, அது என்ன ரப்பரோ?"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

"ரப்பர்ல கரண்ட் போவாதுங்க. லைன்மேனே ரப்பர் கையுறைதான் போடறாரு. இதுகூடத் தெரியாதா?"

ஆட்டம் நின்னு போச்சு! அதோட விட்டேனா? "யாரும் தொடக்கூடாது, கட்டை தீந்துடும்"னு ரேடியோவை டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டினேன்.

ஞாயித்துக்கிழமை. வூடு கொள்ளாத சனம். ரேடியோக் குமிழைத் திருகினேன்.

"அடுத்ததாக, செல்வி ரோ..."

அவ்ளோதான்!

தட்டினேன். குலுக்கினேன். பக்கத்து வூட்டு மாதம்மாக்கா, "கட்டைய வெயில்ல காய வைடி, உசுரு வரும்"னாங்க.

"காயறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடும்க்கா!"

ரோசிக்கு உதடு பிதுங்குது. "எம்பாட்டு எங்கம்மா?"

சட்டுனு அவளை இழுத்து ரேடியோ மேசைக்குப் பின்னாடி நிறுத்தினேன். "நீயே பாடு கண்ணு!"

பாடினா பாருங்க, ஓடு அதிர!

அப்பதான் தெருக்கோடி வூட்டுக் கவுண்டர் வேர்க்க விறுவிறுக்க உள்ள வந்தாரு. "அட, புள்ள பாட்டு வந்துடுச்சா! சத்தம்தான் கொஞ்சம் சாஸ்தி"ன்னு குமிழைத் திருகினாரு.

ரோசி குரலைக் குறைச்சுட்டா!

"இப்பச் சரி"ன்னு உக்காந்து காப்பி கேட்டாரு மனுசன்.

மத்தியானம் வந்த சூசை, ரேடியோ முதுகைக் கழட்டிட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

"அண்ணி, இது கரண்ட் கடத்துற ரப்பருங்க!"

"ரப்பரு எங்க தம்பி கடத்தும்?"

"கரித்தூளைக் கண்ணுக்கே தெரியாத நைசாக்கி உள்ள கலந்திருக்காங்க அண்ணி. கால்குலேட்டர் பட்டனை அமுக்கினா, அடியில இதுதான் ரெண்டு பக்கமும் தொட்டுக் கரண்டை ஓட விடுது. நீங்க பூட்டி வெச்ச ரெண்டு நாளும் ரெண்டு முனையையும் தொட்டுக்கிட்டுக் கட்டையை இதுதான் குடிச்சிருக்குது."

எங்க வூட்டுக்காரரு மெதுவா எந்திரிச்சாரு. "நான் போயி லைன்மேன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன். கையுறை பத்திரமுன்னு."

அதுலேர்ந்து எங்க வூட்டுல எது ஆடினாலும், கட்டில் காலு உட்பட, ஆடட்டும்னு விட்டுடறேன்.