பூட்டுப் படம் போட்ட ஆப்

பிரவுசர் மறுபடியும் மூடிக்கொண்டது.

சின்னப்பா விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தட்டினார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. 'பிரவுசர் நின்றுவிட்டது' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

"மூணு நாளா இதே கூத்து, ஓஸ்வால்ட்டு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அதுக்குள்ள மாத்தணும்."

ஜீவனஹள்ளியில் ஓஸ்வால்ட்டின் செல்போன் ரிப்பேர் கடை ஓர் அலமாரி அகலம்தான். அதற்குள் ஓஸ்வால்ட், ஒரு மேஜை, மேஜைக்கடியில் முன்னங்காலில் கட்டுப் போட்ட அவருடைய நாய் பிரவுனி. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"இன்னாத்த மாத்தணும்?"

"எம் பொண்ணு சங்கமித்ராவோட காலேஜு பாரத்தைத்தான். மாட்டு டாக்டர் படிப்ப மொதல்ல போட்டு வெச்சிருக்கா. அவளுக்குத் தெரியாம கம்ப்யூட்டர் படிப்ப மேல ஏத்திடணும்."

"பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே?"

"கேட்டா மாட்டேன்னும்."

சின்னப்பாவுக்கு ஓர் ஐ.டி. கம்பெனியின் ஏழாவது மாடியில், காபி மிஷினுக்குப் பால்பவுடர் நிரப்பும் வேலை. பதினெட்டு வருஷமாக அதே மாடி. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வந்து பொத்தானை அழுத்துவார்கள், காபி விழும். தன் மகளும் ஒருநாள் அந்தப் பொத்தானை அழுத்தவேண்டும். அந்த மனிதருக்கு வேறு ஆசை கிடையாது, பாவம்.

"நான் பால்பவுடரு கொட்றது போதாதா? இவ மாட்டுக்குப் பின்னாடியே போயி நிக்கணுமா?"

ஓஸ்வால்ட் போனை வாங்கிக்கொண்டார். "கேஷு, அதான் உள்ள சேர்ற குப்ப, ரொம்பிடுச்சி. தொடச்சி விட்டா சரியாப் பூடும்."

துடைத்தார். பிரவுசர் சரியாகவில்லை. அதில் பதிந்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் மட்டும் போய்விட்டன.

"அதுக்கின்னா, எழுதி வெச்சிருக்கேனே" என்று சின்னப்பா பையிலிருந்து ஒரு பால்பவுடர் அட்டைத் துண்டை எடுத்தார்.

"கெட்டிக்காரன்ணே நீ" என்றார் ஓஸ்வால்ட். குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் சின்னப்பா கண்ணில் அது பட்டது. கடைசிப் பக்கத்தின் மூலையில், பேரில்லாமல், பூட்டுப் படம் போட்ட ஓர் ஆப்.

"இது யாரு புதுசா? நான் போடலியே! தெரியாத ஆப் இருந்தா தூக்கிடணும்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க."

"தொடாதே! அது போனோட உசுரு. எடுத்தா டிஸ்பிளே செத்துடும்."

சின்னப்பா சூடு பட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம பாப்பா உன்கிட்ட குடுத்துதானே ஸ்கிரீன் கார்டு ஒட்டிச்சி? அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சி!"

"புது கார்டு இல்ல? வெரலு பழகணும்."

அடுத்து பிரவுசரையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார் ஓஸ்வால்ட். இப்போது பேங்க் ஆப்பும் திறக்கவில்லை, மின்சார பில் ஆப்பும் திறக்கவில்லை. செட்டிங்கில் எதையோ மாற்றினார். போன் பேச ஆரம்பித்துவிட்டது. "பிரவுசர். திறக்க இருமுறை தட்டவும்" என்று உரக்கச் சொன்னது ஒரு பெண் குரல். இருமுறை தட்டினால், "பிரவுசர் நின்றுவிட்டது" என்று அதையும் உரக்கச் சொன்னது. பிரவுனி எழுந்து போனைப் பார்த்துக் குரைத்தது.

"அந்தம்மா வாய மூடுய்யா மொதல்ல!"

"மூடிட்டேன், ஆயித்து. இனி ஒரே வழி, அப்டேட்டு."

"எவ்ளோ நேரம்?"

"பத்தே நிமிஷம்."

மணி நாலேகால். நாலே முக்காலுக்கு முப்பத்துநாலு சதவீதம்.

"உன் கம்ப்யூட்டர்ல தொறந்து போடேன்!"

"போடலாம். ஓடிபி எங்க வரும்? உன் போனுக்குத்தானே?"

சின்னப்பா கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். ஓஸ்வால்ட் டீ வாங்கிக் கொடுத்தார். சின்னப்பா அதைத் தொடவே இல்லை.

ஐந்தடித்து இரண்டு நிமிஷத்துக்குப் போன் உயிர்பெற்றது. ஓஸ்வால்ட் அதில் எதையோ தட்டிவிட்டு நீட்டினார். தட்டிய மாத்திரத்தில் அந்தப் பக்கம் பளிச்சென்று திறந்தது. 'மாற்றங்களுக்கான நேரம் முடிந்தது.'

சின்னப்பா போனை மேஜைமேல் வைத்தார். அப்படியே மேஜைக்கடியில் குந்தி, பிரவுனியின் தலையைத் தடவினார். பதினெட்டு வருஷம் மிஷின் பக்கத்தில் நின்ற கால்கள், மடங்கும்போது முனகின.

"மாட்டு டாக்டராம்" என்றார் நாயிடம். அப்புறம் அதன் காலைத் தூக்கிப் பார்த்தார். "ஆனா ஓஸ்வால்ட்டு, இந்தக் கட்டு யாரு போட்டது? சுருக்கமே இல்லாம எவ்ளோ அழகா கட்டியிருக்காங்க. எந்த ஆஸ்பத்திரி?"

ஓஸ்வால்ட் இருமினார். அவர் பார்வை வாசலுக்குப் போயிற்று.

பஞ்சும் மருந்தும் கையுமாக வந்து நின்றாள் சங்கமித்ரா. மேஜைக்கடியில் இருந்த அப்பா அவள் கண்ணில் படவில்லை.

"அங்கிள், மணி அஞ்சாயிடுச்சில்ல? கட்டு போட்டதுக்குக் கூலியா அப்பா போன்ல ஒரு பூட்டு போட்டுக் குடுத்தீங்களே, அத எடுத்துடுங்க. பாவம், மூணு நாளா அந்தப் போனையே தட்டித் தட்டி அவரு வெரலு வீங்கிப் போச்சி."