பார்க்காமல் நின்ற பூட்டுக்காரர்

பூட்டென்னும் பகைவரைக் கம்பிமுனையால் பணியவைத்தவரும், சாவி தொலைத்தோர் ஓடிவந்து சரணடையும் தாளுடையவரும், இன்சோன் நகரத்து மீன்சந்தைச் சந்தின் ஒப்பற்ற மணியுமாகிய பாங் தொக்-மான் வாழ்க! நாட்டுக்காக அவர் ஆற்றிய போரைச் சொல்லப் புகுகிறேன். அப்போரில் அவர் ஏந்திய படைக்கலம் மூடிய கண்கள் இரண்டே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் உலகக் கோப்பைக் கால்பந்துக் களம் புகுந்த கொரியப் படை, அன்று தொட்டுப் பதினான்கு போர் கண்டும் ஒன்றில்கூட வென்றதில்லை. கடைசிப் பன்னிரண்டையும் இமை கொட்டாமல் தொலைக்காட்சியில் கண்டவர் நம் வீரர். ஒரே ஒரு வெற்றியைத் தம் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்பதே அவர் நோன்பு. இரண்டாயிரத்து இரண்டில் போர் நம் மண்ணுக்கே வந்தது. போலந்துப் படை நம்மிடம் பணிந்த அந்தப் பொன்மாலையில், அவரோ யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மண்டியிட்டுப் பூட்டைக் குடைந்துகொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை, நாடு வென்றது! 'நான் பார்த்தால் நாடு தோற்றுவிடும்' என்று உள்ளுக்குள் நடுங்காத கொரியர் எவருமில்லை. ஆயினும் ஒரு சந்தே திரண்டு ஒருவர்மேல் அப்பழியைச் சுமத்தியது அப்போதுதான்.

அவ்வெற்றிக்குப் பின் ஆறாம் நாள் பிற்பகல், மழை. அமெரிக்கருடன் ஆட்டம். ஒக்-புன் அம்மையாரின் கோழிக்கறிக் கடையில் செங்கடலெனத் திரண்ட சிவப்புச் சட்டைகளின் நடுவே நம் வீரர் ஒளிந்து அமர்ந்திருந்தார். எதிரி ஒரு கோல் அடித்தான். நமக்குக் கிடைத்த பெனால்டியும் வீணாயிற்று. முப்பது தலைகள் ஒருசேரத் திரும்பின.

"யோவ், யாருய்யா இந்த மனுஷன உள்ள விட்டது?" என்று ஒக்-புன் முழங்கினார். "தொக்-மான் அண்ணே, உங்க கால்ல விழறேன், மொட்டைமாடிக்குப் போயிடுங்க! கோழிக்கால் எடுத்து வெக்கிறேன்!"

அரசு துறந்து கானகம் ஏகிய மன்னனைப்போல் அவர் படியேறினார். மாடிக்கதவை உட்புறம் பூட்டினார்கள். அது அவர் கடையில் வாங்கிய பூட்டு.

எழுபத்தெட்டாம் நிமிடம் நகரமே இடியென முழங்கியது. சமன்! நான் குடை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். கதவு இடுக்கின் வழியே கம்பி நுழைத்துத் திறக்கப்பட்ட பூட்டு, தோற்ற பகைவனின் தலைபோலத் தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் திறந்த கதவுக்கு அப்பால், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளின் நடுவே, சுவரை நோக்கிக் கண்மூடி, நனைந்த சிங்கமென அவர் நின்றார். இறங்கி வர வழியிருந்தும் வராமல் நின்ற வீரம் எந்தப் பரணியில் உண்டு?

அந்தோ, விதி! எதிர்வீட்டுச் சன்னலுக்குள் ஒரு தொலைக்காட்சி மின்னியது. ஆசை ஒரு தோளைப் பிடித்திழுக்க, நாட்டுப்பற்று மறு தோளைப் பிடித்து நிறுத்த, ஒரே ஒரு கணம் அவர் திரும்பிப் பார்த்தார். அக்கணமே, கோலுக்கு முன்னே தனியே நின்ற நம்மவர் உதைத்த பந்து, கம்பத்துக்கு மேலே விண்ணேகியது. ஊரெங்கும் ஓலம்.

கண்களை இறுக மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பாத்தியா?"

"என்னத்த?"

"நான் திரும்புனத."

"நான் குடைய விரிச்சிட்டிருந்தேன்."

ஒன்றுக்கு ஒன்று என ஆட்டம் முடிந்தது. கீழே அவரைத் தோளில் தூக்கினார்கள். "அண்ணன் மட்டும் உள்ள இருந்திருந்தா மூணு வாங்கியிருப்போம்டா!" என்று கோழிக்கால் நீட்டினார்கள். அவர் தலைகுனிந்து, அதை உண்ணாமல் கையிலேயே வைத்திருந்தார். அடக்கம் என்று ஊர் வியந்தது. இருபது ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை. அவரை அடக்கம் செய்த அன்றும், மாடியில் நின்ற கதையைச் சந்தே கூடிப் புகழ்ந்தபோதும், திறக்கவில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள் அவருக்குச் சளி பிடித்தது.