நான்கு வீடுகளும் ஒரு படுக்கை விரிப்பும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்தோடு எழுதுவது. அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே அம்மா நலம், அண்ணன் நலம், நீங்கள் கொடுத்தனுப்பிய பழைய லேப்டாப்பும் நலம். அம்மா அதற்குத் தைத்த உறையை யாரும் கழற்றாததால் அது எங்கள் எல்லோரையும்விட நலம். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள் என்பதால் எழுதி, அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"முதல்ல ஒரு கம்ப்யூட்டர் லாங்வேஜைப் பிடி, அப்புறம் பேசு" என்றீர்கள். பிடிக்கத்தான் போனேன், வருஷம் ஓடிவிட்டது. மாலை வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்டால், "ஜாவா படிம்மா, பெரிய ஆபீஸ் எல்லாம் அதுலதான் ஓடுது" என்றார். வேறு எதுவும் வேண்டாமா என்றதற்கு, "வேற எதுக்கும் எங்ககிட்ட வாத்தியார் இல்லம்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். செல்போன் பழுதுபார்க்கும் நம் அண்ணனோ, "பைத்தான்தான் ஈசி, இங்கிலீஷ் படிக்கிற மாதிரியே இருக்கும்" என்றான். என் இங்கிலீஷ் எந்த லட்சணம் என்று தெரிந்தும் அதையே ஆறுதலாகச் சொல்ல இவனால்தான் முடியும். எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர், "சி தெரியாம மத்தது படிக்கிறதெல்லாம் சும்மா" என்றார். தன் போனில் அலாரம் வைக்க அவர் என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் கூடத்தை நீங்கள் பார்த்ததில்லை மாமா. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் துவைத்துக் காய்ந்து சூடாக மேஜைக்கு வரும்போது கூடம் முழுக்க ஆவியாக இருக்கும். எதிரே நிற்பவளின் முகம் தெரியாது, துணியின் மறுமுனையைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகள், உயரத்தால் நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவளுடையவை. அவளும் நானும் ஜோடி. விலகுவோம், நெருங்குவோம், மறுபடி விலகுவோம், வெள்ளை மேல் வெள்ளை மடிந்துகொண்டே போகும். இப்படி ஆடிக்கொண்டிருந்தால் நின்றபடியே யாருக்கும் கனவு வரும். எனக்கு வீடுகள் வந்தன, லாங்வேஜுக்கு ஒன்றாக. சி என்பது ஜன்னலில்லாத சிமெண்டு அறை, தண்ணீரை நாமே சுமந்து வந்து மிச்சத்தை நாமே கொட்டவும் வேண்டும், மறந்தால் அறையே முழுகிவிடும். ஜாவா மாடி மாடியாக உயர்ந்த அலுவலகம், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் முதலில் டம்ளர் என்றால் என்ன என்று எழுதித் தரச் சொல்வார்கள். பைத்தான் வெளிச்சமான வீடு, ஆனால் வாசலில் செருப்பைக் கொஞ்சம் தள்ளி விட்டால் கதவு திறக்காது. நான்காவது ஜாவாஸ்கிரிப்ட், அது வீடே இல்லை, நடுத்தெரு. நாற்காலியோடு குடையைக் கூட்டச் சொன்னால்கூட கூசாமல் ஏதோ ஒரு விடை சொல்லும். அதை அப்போதே கழித்துக் கட்டிவிட்டேன். மற்ற மூன்றிலும் மாறி மாறிக் குடியிருந்தேன்.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். எங்கள் சுவரில் டிவி மாதிரி ஒரு கம்ப்யூட்டர் போர்டு தொங்குகிறது, ஆளுக்கொரு கட்டம். மடித்து முடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தத் தாமதமானால் பச்சைக் கட்டம் சிவந்துவிடும். அதைச் செய்தவர் பிறந்ததிலிருந்து ஒரு விரிப்பைக்கூட மடித்திருக்க மாட்டார். நெட்டை மாசமாக இருக்கிறாள். அடிக்கடி பாத்ரூம் போவாள். அவள் போனால் அவள் கட்டம் சிவக்கும், ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் என் கட்டமும் சிவக்கும். ஒரு மனுஷி ஒன்றுக்குப் போனால் அது குற்றப் பட்டியலில் ஏறுகிறது. முதலாளிக்கு அந்த போர்டில் கட்டமே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

முந்தாநாள் நான் பைத்தான் வீட்டு ஜன்னலோரம் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த முனை நழுவிவிட்டது. விரிப்பு எழும்பி, மிதந்து, அந்த வழியாக வந்த சூப்பர்வைசர் மேல் மெல்லப் படர்ந்தது. அவர் வெள்ளையாக நின்றார். நெட்டை சிரித்தாள், சிரித்ததில் உடனே பாத்ரூமுக்கு ஓட வேண்டியதாயிற்று. துணியை விலக்கிய சூப்பர்வைசர் கண்ணில் முதலில் பட்டது இரண்டு சிவப்புக் கட்டங்கள். "இன்னொரு தடவை செவந்துச்சு, அவ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். விட்டவள் நான், வேலை போவது அவளுக்கு. வயிறு தெரிகிறவளை அனுப்ப அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"ஜோடியாத்தானே சார் மடிக்கிறோம், ஜோடியா கணக்கு வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"வெள்ளிக்கிழமை போர்டுக்காரர் வர்றாரு. எப்படி வைக்கணும்னு நீயே செஞ்சு காட்டேன்" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். தீர யோசித்து முடிவெடுத்துவிட்டேன் மாமா. பைத்தான்தான், இனி மாற்றமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கரைத்துக் குடிக்க வழி சொல்லுங்கள். அத்தைக்கு என் அன்பு, வாண்டுகளுக்கு முத்தம், உங்கள் ஆசி எனக்கு.

இப்படிக்கு,
முடிவெடுத்துவிட்ட மருமகள்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நெட்டை இதைப் பிடுங்கிப் படித்தாள். "ஏண்டி, வீடு வீடா ஏறி எறங்கினியே, அந்த போர்டு எந்த வீட்ல இருக்குன்னு கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை. சூப்பர்வைசர் படம் பார்க்கும் அதே பிரவுசரில்தான் அதையும் திறக்கிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். "பிரவுசர்ல ஓடுதுன்னா ஜாவாஸ்கிரிப்ட்தான், இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றான். நடுத்தெருவேதான். வேலை முடிந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நெட்டை வீட்டுக்குப் போய் உறையைக் கழற்றினோம். வயிறு இடிப்பதால் லேப்டாப்பைத் தள்ளி வைத்து, கையை நீட்டி ஒற்றை விரலால் அடிக்கிறாள். நான் அண்ணனைப் போனில் பிடித்து, அவன் சொல்வதைச் சொல்கிறேன். இப்போது திரையில் இரண்டு கட்டங்கள், 'போயிட்டு வரேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டும் பச்சையாகவே நிற்க வேண்டும். ஏனோ நீலமாகிறது. அண்ணனுக்கும் தெரியவில்லை.

"நீலமே இருக்கட்டும்டி, செவக்கலல்ல" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை நீலத்தோடு போகிறோம்.