கல்யாணத்துக்குச் சைக்கிளில் போனவன்

களைத்துப்போனவனிடம் யாரும் உதவி கேட்கக் கூடாது. அவன் 'ஓம்' என்றுதான் சொல்வான். 'ஏலாது' என்றால் காரணம் சொல்லவேண்டும். அதற்கும் அவனிடம் தெம்பு இருக்காது.

2010இல் நான் அப்படித்தான் இருந்தேன். சிட்னியில், கிரவீனில் வீடு. இரவெல்லாம் குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டுக் காலையில் கட்டிலைத் தேடி வருவேன். பக்கத்து வீட்டில் கரெத் என்றொரு வேல்ஸ்காரர் சில மாதங்களுக்கு வாடகைக்கு இருந்தார். இளம்வயதிலேயே பரம்பரை நோயால் பார்வை போனவர். அதற்கு முன் ரக்பி ஆடியவர். பிறகு, இருவர் ஓடும் டாண்டெம் சைக்கிளில் பின்சீட்டிலிருந்து மிதித்துப் பதக்கங்கள் எடுத்தவர். முன்னால் இருந்து ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள். வேல்ஸில் பனிக்காலம் என்பதால் கரெத்தும் அவருடைய பைலட்டும் பயிற்சிக்கு இங்கே வந்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை கரெத் எங்கள் கதவடியில் நின்றார். பைலட்டுக்குக் காய்ச்சலாம். மறுநாள் போட்டி. நாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கவனிக்கும் போட்டி.

"கால் என்னிடம் இருக்கிறது. கண்ணைத்தான் ஒவ்வொரு முறையும் யாரிடமாவது இரவல் கேட்கவேண்டியிருக்கிறது," என்றார். என்னைவிடக் களைத்த குரல். "உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா?"

யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா அது? சைக்கிளிலேயே வளர்ந்தவன் என்றேன். (அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் இல்லை என்பதைச் சொல்லவில்லை.)

மனைவி வசந்தி குசினியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "நித்திரை கொள்ளாமல் எங்க வெளிக்கிடுறியள்?"

"ஒரு றவுண்ட்தான். போட்டு வாறன்."

பைலட் நெட்டை, ஒல்லி. நான் இரண்டும் இல்லை. ஆனாலும் அவருடைய இறுக்கமான உடுப்புக்குள் என்னைத் திணித்துக்கொண்டேன். அவருடைய சப்பாத்து பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை. அதை எப்படிக் கழற்றுவதென்று கரெத் விளக்கியபோது நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடிப் பழகிப் பார்க்கப் பக்கத்துப் பூங்காவுக்குச் சைக்கிளை உருட்டிப் போனோம்.

"வளைவு, மேடு, பிரேக், எல்லாம் சொல்லிக்கொண்டே வாருங்கள்," என்றார். "நீங்கள் சொல்லாத எதுவும் எனக்கு அங்கே இல்லை."

அவர் மிதிக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பஸ் தள்ளுவதுபோல இருந்தது. இரண்டு பெடலும் ஒரே சங்கிலியில் என்பதால் என் கால்களும் தாமாகவே சுழன்றன. முதல் வளைவைச் சரியாகச் சொன்னேன். இரண்டாவதைத் தாண்டினால் பாதைக்குக் குறுக்கே ஒரு கல்யாணக் கூட்டம், படம் எடுத்துக்கொண்டு. எங்கள் ஆட்கள்தான். பட்டுச்சேலைகள், வெள்ளைக் கதிரைகள், பிளாஸ்டிக் ரோசா வளைவு.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஆங்கிலம் மறந்துபோனது. "ஐயோ, பிரேக்கைப் பிடிக்க ஏலாமக் கிடக்கு, நிப்பாட்டுங்கோ," என்று தமிழில் கத்தினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்த கரெத் இன்னும் வேகமாக மிதித்தார்.

மாப்பிள்ளை பெண்ணை இழுத்துக்கொண்டு புல்லுக்குப் பாய்ந்தார். நாங்கள் கதிரைகளுக்குள் புகுந்து ரோசா வளைவோடு சரிந்தோம். சப்பாத்து கழலவில்லை. சைக்கிளோடு பூட்டப்பட்டபடியே கிடந்தேன்.

குனிந்து பார்த்த ஓர் அன்ரி, "உவர் வசந்தியின்ர மனுசன் எல்லே?" என்றார். பிறகு உடுப்பு கிழிந்திருந்த இடத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரெத் அசையவில்லை. "கரெத், கால் எப்படி?"

"கால் நல்லாயிருக்கிறது. மணிக்கட்டுத்தான் நோகிறது." மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "பின்சீட்டுக்காரனுக்குக் கை எதற்கு? அது சரி, எதில் மோதினோம்?"

"கல்யாணத்தில்."

அவர் சிரிக்கத் தொடங்கியதும் கூட்டமும் சிரித்தது. யாரோ ஐஸ் கொண்டுவந்தார்கள். யாரோ என் சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

மறுநாள் பைலட்டின் காய்ச்சல் இறங்கியது. கரெத் கட்டுப்போட்ட கையோடு ஓடி நான்காவதாக வந்தார். அந்த முறை அணியில் இடம் கிடைக்கவில்லை.

"என்னால்தானா?" என்று கேட்டேன்.

"இல்லை. மற்ற மூன்று சோடிகளும் வேகமாக ஓடினார்கள்," என்றார். அடுத்த ஆண்டு இடம் கிடைத்து, இன்னும் சில காலம் ஓடிவிட்டு ஓய்ந்தார்.

அந்தக் கல்யாணத் தம்பதி இப்போது எங்கள் நண்பர்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறையில் கல்யாணப் படம் பெரிதாகத் தொங்குகிறது. நடுவில் மணமக்கள், பக்கத்தில் ஐஸைப் பிடித்தபடி சிரிக்கும் வேல்ஸ்காரர், பின்னால் வாயைப் பிளந்து நித்திரை கொள்ளும் நான். போன மாதம் போனபோது அவர்களின் சின்ன மகள்தான் கதவைத் திறந்தாள். படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னாள்: "அம்மா, ஸ்லீப்பிங் அங்கிள் முழிச்சிட்டார்."