டேலி அண்ணாச்சியின் குடும்பக் காலனி

உலகத்தில் குடும்பம் என்றால் என்னவென்று முழுசாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் காலனி டேலி அண்ணாச்சிதான். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். கேட்காமலே சொல்லுவார்.

தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அந்த விளம்பர வரி தெரிந்திருக்கும்: ‘குடும்பத்தோடு வாழ ஏற்ற இடம்.’ பக்கத்திலேயே பள்ளிக்கூடம், உள்ளேயே பூங்கா, கடல் காற்று. பக்கத்துப் பள்ளிக்கூடம் வேனில் இருபது நிமிஷம். கடல் காற்றோடு நிலக்கரித் தூசியும் சேர்ந்து வரும் என்பதை எவனும் விளம்பரத்தில் போடுவதில்லை. அந்த வரியை நம்பித்தான் நானும் என் ஆறு வயது மகள் ஷெரினும் ஒரு லாரிச் சாமானோடு காலனி வாசலில் போய் இறங்கினோம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நீள நோட்டோடு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி துறைமுகத்தில் முப்பது வருஷம் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை ஒன்று விடாமல் எண்ணி எழுதுகிற வேலை. எண்ணிக்கை குறைந்தால் ‘ஷார்ட் லேண்டிங்’ என்று எழுதுவார். மூட்டை கிழிந்திருந்தால் ரிமார்க்ஸ் கட்டத்தில் அதையும் எழுதுவார். ஓய்வு பெற்ற மறுநாள் எண்ணுவதற்குக் கப்பல் இல்லாமல் போகவே, குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகி மனுஷர்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். அவர் தலையாட்டினால்தான் எந்த வீட்டுக்காரரும் வாடகைக்கு வருகிறவனிடம் சாவியைக் கொடுப்பார்.

எங்கள் சாமானை இறக்க இறக்க அவர் எழுதினார். பீரோ ஒன்று. கட்டில் இரண்டு. கிரைண்டர் ஒன்று. ஐந்து லிட்டர் குக்கரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது குடும்பம் என்பதற்கு அத்தாட்சியாம். கடைசியில் காலி லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

“வீட்டம்மா எங்க?”

“மஸ்கட்ல நர்ஸா இருக்கா அண்ணாச்சி.”

“அப்ப ஷார்ட் லேண்டிங்லா!”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “வீடு பாக்க வந்தப்பவே விசாரிச்சேன். முதல் வீட்டுல மாப்பிள்ள கப்பல்ல இருக்காராம், ரெண்டாவது வீட்டுல துபாய்ல இருக்காராம். அதெல்லாம் என்னவாம்?”

“அது குடும்பம். ஆம்பள வெளிய இருந்தா குடும்பம். பொம்பள வெளிய இருந்தா நீரு பேச்சிலரு.”

“பேச்சிலருக்குப் பிள்ளை இருக்குமா அண்ணாச்சி?”

அந்தக் கேள்வி அவரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஷெரினை மேலும் கீழும் பார்த்தார். மூன்று மாசம் தவணை கொடுத்தார். அதற்குள் வீட்டம்மா லீவில் வந்து முகத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டும். எனக்கு வேறு வழியில்லை. பள்ளி வேன் வாசல் வரை வந்தது அந்தக் காலனிக்கு மட்டும்தான். ஆபீசிலிருந்து நாலு மணிக்கு ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளவும் அங்கிருந்துதான் முடியும்.

அந்த மூன்று மாசமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூங்காவில் பிள்ளைகள் ஓடக் கூடாது, பந்து கொண்டுவரக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது. ஊஞ்சலைச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அண்ணாச்சி அரைஞாணில் கட்டியிருந்தார். சாயந்திரம் அரை மணி நேரம் திறப்பார். ஆளுக்கு இருபது ஆட்டம், அதையும் அவரே எண்ணுவார். குடும்பத்தோடு வாழ ஏற்ற இடம் என்று விளம்பரத்தில் போட்டது, பொம்மையாகப் பிறந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் போலிருக்கிறது.

ஒரு நாள் காலையில் வழிமறித்தார். “நேத்து உம்ம வீட்டுல குக்கர் விசில் கேக்கலயே?”

“இட்லி வாங்கிட்டு வந்தேன் அண்ணாச்சி.”

“குடும்பம் இருக்க வீட்டுல காலைல மூணு விசிலாவது கேக்கணும்” என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி மூன்று விசில் விட்டேன். படித்த மனுஷன், ஒரு ஷிப்பிங் ஆபீசில் மேனேஜர், குடும்பஸ்தன் என்று நிரூபிக்கப் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றேன்.

தவணை முடிய மூன்று நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஆபீசிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே மஸ்கட்டிலிருந்து போன். லீவு கிடைக்கவில்லை என்று அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லிக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டேன். திடீரென்று வெளியே பெரிய சத்தம்.

வாசலுக்கு ஓடினேன். ஆறு பிள்ளைகள் இறங்கி நின்றார்கள். ஷெரின் இல்லை. வேன் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கால் செருப்பை விட்டுவிட்டு, நோட்டைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு அண்ணாச்சி ஓடினார்.

“ஏலே, நிறுத்துலே! ஒண்ணு ஷார்ட்டுலே!”

திருப்பத்தில் வேன் நின்றது. “எல்லாம் எறங்கிட்டு அண்ணாச்சி” என்றான் டிரைவர்.

“ஆறுதாம்லே எறங்கிருக்கு! உள்ள பாரு!”

கடைசி சீட்டில், பையைத் தலைக்கு வைத்து, ஷெரின் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வேன் நேராக ஷெட்டுக்குப் போய்ப் பூட்டப்படும். தூத்துக்குடி வெயில் நாலு மணிக்கும் இறங்காது. அதற்கு மேல் நினைக்க எனக்கு இன்றைக்கும் தைரியமில்லை.

அண்ணாச்சி அவளைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். மூச்சு இரைத்தது.

“போன்ல பேசிட்டு இருந்துட்டேன் அண்ணாச்சி. அவளுக்கு லீவு இல்லியாம்.”

அவர் திரும்பி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நம்ம கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையைக் கவனிக்காத வீடு என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சங்கக் கூட்டம். என் வீட்டு விஷயம்தான் முதல். செயலாளர் ஆரம்பித்தார். “வீட்டம்மா வரலங்காவ. பொம்பள இல்லாத வீட்டுல பிள்ளைய யாரு பாக்கா? வியாழக்கிழம வேற ஏதோ சத்தம் கேட்டுச்சே அண்ணாச்சி?”

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிப் பக்கத்தைப் புரட்டினார். “வியாழக்கிழம. வேன், நாலு மணி. ஏழு பிள்ளை எறங்கியாச்சு. ரிமார்க்ஸ் ஒண்ணும் இல்ல.”

பக்கத்திலிருந்து பார்த்தேன். ரிமார்க்ஸ் கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது. முந்திரி மூட்டையில் விரல் நுழைகிற ஓட்டையைக்கூட விடாமல் எழுதியவர் அவர்.

“அப்ப அந்தச் சத்தம்?”

“நான் வாக்கிங் போனேன். அந்த வீட்டுல ஆளு சரியா இருக்கு. அடுத்து தண்ணி விஷயத்தப் பேசுங்க.”

அன்றைக்கு நன்றி சொல்லப் போனேன். “காலைல விசில் வெறும் தண்ணி விசிலு, எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் அவர் மகன் வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டான். அங்கேயும் குடும்பத்தோடு வாழ ஏற்ற அடுக்குமாடியாம். வாசலில் நாற்காலி போட விடமாட்டேன் என்கிறார்களாம். நல்லா வேணும் என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போது வாசலில் நின்று வேனை எண்ணுகிறவன் நான். தினமும் நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு எனக்கு அவரிடமிருந்து போன் வரும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

“ஏழும் எறங்கியாச்சா?”

“எறங்கியாச்சு அண்ணாச்சி.”

டக்கென்று வைத்துவிடுவார். வாசலில் நிற்கிற மற்றவர்கள் முன்னால் எனக்கு மானம் போகும்.

போன செவ்வாய்க்கிழமை நாலே கால் ஆகியும் போன் வரவில்லை. நாலரை ஆயிற்று. எனக்கு வேலை ஓடவில்லை. நானே கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

“கண்ணசந்துட்டேன் தம்பி” என்றவர் உடனே பதறினார். “என்ன, பிள்ளையள்ல ஏதும் குறையுதா?”

“பிள்ளையள் ஏழும் சரியா இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் குறையுதிய.”